பாசிக் கைகள்

28 ஜனவரி 2025

பாசி எடுக்கும் பெண்களின் கைகளை அச்செடுத்து வார்க்க பிளாஸ்டர் மூட்டை வந்துவிட்டது. பாம்பன் புது ரயில் பாலம் இன்னும் திறக்கவில்லை, ரயில் மண்டபத்தோடு சரி. அங்கிருந்து பாம்பனுக்கு ஆட்டோ. அவர் கேட்ட காசை எழுதினால் மறுபடி வயிறு எரியும். கண்காட்சிக்காரர்களிடமிருந்து மெயில் இல்லை.

29 ஜனவரி

தை அமாவாசை. ராமேஸ்வரத்தில் கூட்டம். எங்கள் தெருவில் ஒரு பொம்பளை இல்லை, எல்லோரும் பாசி எடுக்கச் சின்னத் தீவுகளுக்குப் போய்விட்டார்கள்.

3 பிப்ரவரி

அமாவாசைப் பாசிப் பாடு முடிந்து திரும்பிவிட்டார்கள். முதலில் மதினியின் கை. பல் டாக்டர் அளவெடுக்கிற மாவுதான். கூழாகக் கரைத்துக் கையை உள்ளே விட்டால் சில நிமிடத்தில் இறுகிவிடும். விரலில் சுற்றிய துணியோடே வைக்கச் சொன்னேன். துணியின் முடிச்சு, நகத்தோரம் பாறை கிழித்த வெட்டு, எல்லாம் அச்சில் விழுந்திருக்கிறது.

"இந்த மாவே கட்டக்கோரைப் பாசியில இருந்துதான் மதினி வருது."

"நாங்க அள்ளிப் போடுற பாசியா? கிலோ என்ன வெலைக்கு வாங்குன?"

சொன்னேன். அப்புறம் வெகு நேரம் அவர் பேசவில்லை.

4 பிப்ரவரி

குழாய்த் தண்ணீரில் உப்பு. உப்பிருந்தால் பிளாஸ்டர் அவசரப்படும். ஊற்றுமுன் வாளியிலேயே கல்லாகிவிட்டது. குடத் தண்ணீரை எடுத்தேன்.

"காசு குடுத்து வாங்குற குடிதண்ணியில சுண்ணாம்பு கரைக்கிறியாடி?" அம்மா கேட்பது நியாயம்தான். இருந்தும் இன்னொரு குடம் எடுத்தேன்.

6 பிப்ரவரி

மெயில் இல்லை.

7 பிப்ரவரி

பெயர், பெயர், பெயர். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிகாகோ 1979-ல் முடித்த 'தி டின்னர் பார்ட்டி'யில் முக்கோண மேசையைச் சுற்றி 39 பெண்களுக்கு இடம். கீழே தரை ஓடுகளில் இன்னும் 999 பேரின் பெயர். கல்லூரியில் அந்தப் படத்தைப் பார்த்ததிலிருந்து எனக்கும் அதே ஆசை: ஒவ்வொரு கைக்குக் கீழும் அந்தக் கைக்காரியின் பெயர். கண்காட்சிக்காரர்களும் அதைத்தான் கேட்கிறார்கள்.

பெரியம்மாவிடம் சொன்னேன். "எங் கையவும் காட்டி, எம் பேரையும் எழுதி, நீயே என்னையப் புடிச்சிக் குடுக்கப் போறியா?"

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும் தேசியப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். பெரியம்மாவின் அம்மா பகலில் போய்வந்த இடத்துக்கு இவர் ஒளிந்து போகிறார். பாசி எடுக்கிற சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி, தீவுகளைக் காக்கிறவர்களுக்குத் தரும் சீகாலஜி பரிசை 2015-ல் வாங்கவில்லையா, பெயரும் படமும் உலகம் முழுக்க வரவில்லையா என்றேன்.

"அவுக தலைவி. நான் யாரு?"

பெயர் போடாவிட்டால் அது யாரோ ஒருத்தியின் கை, ஏழைக் கை, பார்த்து உச்சுக்கொட்டிவிட்டுக் காபி குடிக்கப் போவார்கள். போட்டால் வழக்கு. தூக்கமே வரவில்லை.

9 பிப்ரவரி

மதினி கையில் சுண்டுவிரல் உடைந்தது. ஒட்டப் போவதில்லை.

11 பிப்ரவரி

மெயில் வந்தது. பெயர் அட்டை கட்டாயமாம், 'அவர்களுக்குச் செய்யும் மரியாதை'யாம். மரியாதையைக் கொண்டுபோய்க் கடலில் போட.

நாளை பௌர்ணமி, ஆட்கள் தீவில். அம்மா அரிசி களைந்துகொண்டே சொல்கிறாள்: "எல்லாக் கைக்கும் எம் பேரப் போடு. நாந்தான் இப்பக் கடலுக்கே போறதில்லையே, என்னைய எவன் புடிப்பான்?"

பன்னிரண்டு கைக்கும் ஒரே பெயர்! சிரித்தேன், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அட்டை வெட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டி வியாழன் காலை, பெரியம்மா கை இன்னும் வார்க்கவில்லை, குடத்திலும் தண்ணீர்