மூன்று மார்க் கேள்விக்கு ஒரு வரிப் பதில்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை என் மகன் அறிவியலில் கெட்டிக்காரன். 2022ல் மலாயில் பாடம் நடக்கும் இடைநிலைப்பள்ளியில் படிவம் 1க்கு, அதாவது ஏழாம் ஆண்டுக்குப் போனான். மூன்றாவது மாதமே 31 மார்க் வாங்கிய தாளைச் சுருட்டிப் பைக்கடியில் ஒளித்து வைத்திருந்தான். "சோம்பேறி ஆயிட்டான், போனைப் பிடுங்கு" என்றார் என் கணவர். எனக்கும் கோபம்தான்.

நாங்கள் மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம். மாமியார் பால்மரம் சீவியவர். இவர் செம்பனை லாரி ஓட்டுகிறார், நான் வீட்டில் துணி தைக்கிறேன். படிவம் 3க்கு மேல் நான் போகவில்லை. அவன் பாடத்தில் எனக்கு என்ன தெரியும் என்றுதான் அதுவரை ஒதுங்கியே இருந்தேன்.

அன்றிரவு தாளை விரித்துப் பார்த்தோம். ஒளிச்சேர்க்கை பற்றிய மூன்று மார்க் கேள்விக்கு ஒரே வரியில் பதில் எழுதியிருந்தான். "ஒளிச்சேர்க்கைக்கு என்னடா வேணும்?" என்றேன். வெயில், தண்ணீர், கரியமில வாயு, பச்சையம் என்று தமிழில் மடமடவென்று ஒப்பித்தான். அப்புறம் ஏன் எழுதவில்லை? கேள்வியில் மலாயில் 'தெராங்கான்' என்று இருந்தது, அதாவது விளக்கி எழுது. இவன் 'ஞாத்தாக்கான்', அதாவது குறிப்பிடு என்று நினைத்துப் பெயரை மட்டும் எழுதிவிட்டான். 'குளோரோஃபில்' அவனுக்குத் தெரிந்திருந்தது, 'மெஞெராப்' தெரியவில்லை. உறிஞ்சுதல் என்ற சாதாரணச் சொல்தான். ஆறு வருடம் தமிழில் படித்த அறிவியல் திடீரென்று மலாய்க்கு மாறும்போது பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இந்த மாதிரி வினைச்சொற்களில்தான். கடைத்தெருவில் பேசும் மலாய் அங்கே உதவாது.

ஒரு ரிங்கிட்டுக்கு நோட்டுப் புத்தகம் ஒன்றை வாங்கி மூன்று பத்தியாகக் கோடு போட்டோம். மலாய்ச் சொல், தமிழ்ப் பொருள், அந்தச் சொல் வரும் பாடப்புத்தக வரி. ஒரு நாளைக்கு ஐந்து சொல், அதற்கு மேல் இல்லை. நான் தைத்துக்கொண்டே கேட்பேன், அவன் எனக்குப் பாடம் நடத்துவான். எனக்குப் புரியவில்லை என்றால் அவனுக்கும் சரியாகப் புரியவில்லை என்று அர்த்தம். டியூஷனுக்கும் அனுப்பினேன்தான், ஆனால் பக்கத்து வீட்டுப் பிள்ளை போகிறது என்பதற்காக நான்கு பாடத்துக்குப் பணம் கட்டுவது வீண் என்பது என் கருத்து.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் "என் பையன் எப்படி?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்று பதில் வரும், வீட்டுக்கு வந்துவிடுவோம். "எந்த மாதிரிக் கேள்வியில் மார்க் விடுகிறான்?" என்று கேளுங்கள். ஆறாம் ஆண்டில் எழுதும் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ல் போய்விட்டது, படிவம் 3ல் எழுதும் பி.தி.3 அடுத்த வருடம் போனது. இவன் செட்டுக்கு முதல் அரசாங்கத் தேர்வே படிவம் 5ல் எழுதும் எஸ்.பி.எம்.தான். அதுவரை வகுப்பறை மதிப்பீட்டில் வரும் 1 முதல் 6 வரையான அடைவுநிலையைப் பார்த்துச் சும்மா இருந்தால் படிவம் 4ல் தூக்கிவாரிப் போடும்.

எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியோடு வரலாறும் தேறியாக வேண்டும், 2013லிருந்து. இதில் எங்கள் வீட்டுக்கு ஒரு யோகம் இருந்தது. 1948 ஜூன் 16ல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டதும், அதையொட்டி அவசரகாலம் வந்ததும் அவன் பாடத்தில் இருந்தன. மாமியார் தன் சின்ன வயதில் பார்த்த கம்பிவேலியையும் ஊரடங்கையும் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து கேட்டான். அந்தப் பாடத்தை மறுபடி படிக்கச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை.

தமிழை விட்டுவிடாதீர்கள். 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தமிழ் வகுப்புக்கு வழி உண்டு, கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. எங்கள் பள்ளியில் "நேரமில்லை" என்று இழுத்தார்கள். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், வீடு வீடாகப் போய் 17 கையெழுத்து வாங்கினேன். வகுப்பு கடைசியில் பள்ளி முடிந்த பிறகுதான் கிடைத்தது. பஸ் போய்விடும் என்பதால் நான்கு குடும்பம் முறை வைத்து ஏற்றிவருகிறோம்.

இப்போது படிவம் 5. நான்காவது நோட்டு ஓடுகிறது. போன வாரம் கூட்டத்துக்கு வருவதாக வகுப்பாசிரியருக்கு மலாயில் மெசேஜ் தட்டிக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தவன், "மா, அது 'மெங்ஹாடிர்' இல்ல, 'மெங்ஹாடிரி'" என்று போனை வாங்கித் திருத்தி அனுப்பினான். அந்தச் சொல்லை நோட்டில் எழுதச் சொன்னேன். "உங்க நோட்டுல நீங்களே எழுதுங்க" என்கிறான்.