பாம்பன் கரையில் பிரெஞ்சு படித்த அனுபவம்

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன்னில் பிரெஞ்சு எடுப்பவர்களில் நிறையப் பேர் மார்க்குக்காக எடுப்பார்கள். கேள்வி பதிலை மனப்பாடம் செய்து, எழுதி முடித்ததும் மறந்துவிடுவார்கள். மண்டபம் பக்கத்தில் நான் படித்த பள்ளியில் அப்படி நடக்காததற்கு எங்கள் மேம்தான் காரணம். காரைக்காலில் வளர்ந்தவர். அவருடைய பீரியடில் தமிழும் கிடையாது, ஆங்கிலமும் கிடையாது. தெரியாத வார்த்தையைக் கையால் காட்டுவார், கரும்பலகையில் வரைவார். கடல், வலை, நண்டு, காற்று என்று நாங்கள் தினமும் பார்ப்பவற்றிலிருந்துதான் ஆரம்பித்தார்.

உச்சரிப்பில் ஒரு விஷயம் தமிழர்களுக்குச் சாதகம். பேசும்போது ‘மரம்’, ‘அவன்’ என்பவற்றின் கடைசி எழுத்தை நாம் முழுசாகச் சொல்வதில்லை, மூக்கிலேயே விட்டுவிடுகிறோம். பிரெஞ்சின் மூக்கொலிகளுக்கு அந்தப் பழக்கம் அப்படியே உதவுகிறது. ‘நீ’, ‘நீங்கள்’ வேறுபாடும் அங்கே உண்டு. சிரமம் கொடுத்தது அவர்களுடைய ‘யு’ (u) எழுத்தின் ஒலி. உதட்டை ‘உ’ சொல்வதுபோல் குவித்துக்கொண்டு ‘ஈ’ சொல்லிப் பாருங்கள், வந்துவிடும்.

அப்புறம் சினிமா. மேம் முதலில் போட்டது, சினிமாவின் முன்னோடிகளான லூமியர் சகோதரர்களின் ஊமைப்படம். தென் பிரான்சில் லா சியோத்தா என்ற கடலோர ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு ரயில் வருகிறது, அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஓடாது. 1896-லேயே மக்களுக்குத் திரையிட்டிருக்கிறார்கள். வசனம் இல்லாததால் வசனத்தை நாங்கள் சொல்ல வேண்டியிருந்தது. ‘ல த்ரேன் அரீவ்’, ரயில் வருகிறது. யார் இறங்குகிறார், யார் காத்திருக்கிறார், யார் நடக்கிறார் என்று ஆளுக்கொரு வாக்கியம். பேசும் படங்களுக்குப் போனபோது பிரெஞ்சு சப்டைட்டில் மட்டும் வைத்தார். ஆங்கில சப்டைட்டில் இருந்தால் கண் அதைத்தான் படிக்கும், காது வேலை செய்யாது. இதை நான் முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் மொழி எனக்குள் இறங்கியது கதை சொன்னபோதுதான். வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கதை கேட்டு வந்து பிரெஞ்சில் சொல்ல வேண்டும் என்றார் மேம். அப்பத்தாவிடம் கேட்டேன். அவர் 1964 டிசம்பர் புயலைச் சொன்னார். பிரெஞ்சில் இறந்தகாலம் இரண்டு விதமாக நடக்கும். பின்னணியில் நீண்டுகொண்டிருந்ததற்கு ஒன்று, நடந்து முடிந்ததற்கு இன்னொன்று. இலக்கணப் புத்தகத்தில் எத்தனை முறை படித்தும் குழப்பமாக இருந்த அது, அந்தக் கதையில் தானாகப் பிரிந்தது. காற்று வீசிக்கொண்டிருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது, கடல் ஏறிக்கொண்டிருந்தது: இவை முதல் வகை. டிசம்பர் 22 இரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்கு ரயில் புறப்பட்டது, அலை அடித்தது, ரயில் போய்ச் சேரவே இல்லை: இவை இரண்டாவது. வகுப்பில் சொல்லும்போது யாரும் பேசவில்லை. பலர் வீட்டிலும் இந்தக் கதை இருக்கிறது. அடுத்த வாரம் தோழிகள் தங்கள் வீட்டுக் கதைகளோடு வந்தார்கள், இரண்டு இறந்தகாலங்களையும் குழப்பிக்கொள்ளாமல் சொன்னார்கள்.

டெல்ஃப் என்ற பிரெஞ்சு மொழித்திறன் தேர்வின் ஏ2 நிலையில் இது நேரடியாக உதவியது. கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எதிலும் 5-க்குக் கீழே போகக்கூடாது. பேச்சுப் பகுதியில் முதலில் அறிமுகம், பிறகு சீட்டில் வந்த தலைப்பில் சுமார் இரண்டு நிமிடம் நாமே பேச வேண்டும், கடைசியில் தேர்வாளரோடு உரையாடல். நடுவில் வரும் அந்த இரண்டு நிமிடத்துக்குத்தான் பலர் பயப்படுகிறார்கள். கதை சொல்லிப் பழகியவர்களுக்கு அந்த நேரமே போதாது. இப்போது அடுத்த நிலையான பி1-க்குப் படிக்கிறேன். அப்பத்தாவிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.