ஷிமானோ பிரேக்கில் டாட் 4 ஊற்றிவிட்டார்கள்: கடைசியில் முழு செட்டையும் மாற்றினேன்

என் சைக்கிளில் இருப்பது ஆயிலால் இயங்கும் ஷிமானோ டிஸ்க் பிரேக். பின் பிரேக் லிவர் ஹேண்டில்பாரில் முட்டும் அளவுக்கு இறங்கியிருந்தது. ஏர் எடுத்தால், அதாவது ஆயிலுக்குள் புகுந்த காற்றை வெளியேற்றினால், முடிந்துவிடும் வேலை. பெங்களூரில் ஒரு சைக்கிள் கடையில் விட்டேன். முன் பிரேக்குக்கும் சேர்த்து ஆயில் மாற்றிக் கொடுத்தார்கள், லிவர் கல்லு மாதிரி நின்றது. மூன்றாவது வாரம் பின்சக்கரம் சுற்றவே மறுத்தது. பேடு இரண்டும் டிஸ்க்கைக் கவ்வியபடியே இருந்தன. லிவரை அழுத்தி விட்டால் அது மெல்ல ஊர்ந்துதான் பழைய இடத்துக்கு வந்தது.

திரும்பப் போய், "என்ன ஆயில் ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

"பிரேக் ஆயில்தான் சார். பைக்குக்கு ஊத்துற அதே டாட் 4."

தப்பு அங்கேதான். ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். எஸ்ராம், பழைய ஆவிட் பிரேக்குகளில் பெரும்பாலானவற்றுக்கு டாட் 4 அல்லது 5.1. இரண்டுக்கும் சீல் ரப்பரே வேறு. மினரல் ஆயிலுக்கென்று செய்த ரப்பர் டாட் பட்டால் ஊறி உப்பிவிடும். காலிப்பரில் (சக்கரத்தருகே பேடுகளைத் தாங்கி நிற்கும் பாகம்) பிஸ்டனைச் சுற்றியிருக்கும் சதுர சீல்தான், லிவரை விட்டதும் பிஸ்டனைக் கொஞ்சம் பின்னுக்கு இழுக்கிறது. அது உப்பிவிட்டால் பிஸ்டன் திரும்பாது, பேடு உரசிக்கொண்டே இருக்கும். ஜே.சி. ரோட்டில் எந்த ஸ்பேர்ஸ் கடையிலும் டாட் 4 கிடைக்கும், மினரல் ஆயிலைத் தேடித்தான் வாங்க வேண்டும். கடைக்காரர் கையில் இருந்ததை ஊற்றியிருக்கிறார். அதனால் சைக்கிளை விடும்போதே ஆயிலையும் நாமே வாங்கிக் கொடுத்துவிடுவது நல்லது.

உள்ளே என்ன ஆயில் என்று சந்தேகமா? லிவரிலிருந்து நாலு சொட்டு எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் விடுங்கள். மினரல் ஆயில் மேலே மிதக்கும், டாட் தண்ணீரோடு கரைந்துவிடும். எனக்குக் கடுகளவில் இரண்டு சிவப்புப் பொட்டு மட்டும் மிதந்தது. அது மிச்சமிருந்த பழைய ஷிமானோ ஆயில். மற்றதெல்லாம் கரைந்தே போனது. சோதித்த டம்ளரை மறுபடி சமையலறைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

கழுவி எடுத்துவிடலாம் என்று 100 மில்லி புது மினரல் ஆயிலைக் காலிப்பர் பக்கமிருந்து சிரிஞ்சால் ஏற்றினேன். இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஊறிய ரப்பர் ஆயில் மாற்றினால் சுருங்குவதில்லை. ஷிமானோ காலிப்பர் சீலைத் தனியாக விற்பதும் இல்லை, காலிப்பராகத்தான் வாங்க வேண்டும். லிவருக்குள் இருக்கும் சீலும் அதே டாட்டில் ஊறியதுதான். ஆகவே லிவர், ஹோஸ், காலிப்பர் எல்லாமே போனது. உங்களுக்கும் இப்படி ஆகியிருந்தால் ஆயிலுக்குச் செலவு செய்யாமல் நேராக செட்டை மாற்றிவிடுங்கள். கழற்றும்போது பிரேமில் டாட் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், பெயின்ட்டைத் தின்றுவிடும்.

ஆயில் நிரப்பியே வரும் ஷிமானோ எம்டி200 செட் வாங்கினேன். டிஸ்க் பழையதே. டிஸ்க்கிலேயே குறைந்தபட்சத் தடிமன் 1.5 மிமீ என்று பொறித்திருக்கும். எஸ்.ஜே.பி. ரோட்டில் வாங்கிய வெர்னியரில் 1.7 காட்டியது. பேடு ரெசின்தான் போட வேண்டும். "ரெசின் பேட் ஒன்லி" என்று எழுதிய டிஸ்க்கில் மெட்டல் பேடு போட்டால் டிஸ்க் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

அடுத்த அலைச்சல் அடாப்டரால், அதாவது காலிப்பரை பிரேமோடு இணைக்கும் துண்டால். எம்டி200 காலிப்பர் போஸ்ட் மவுன்ட். பழைய பிரேம்களில் பின்பக்கம் பெரும்பாலும் ஐ.எஸ். மவுன்ட்தான்: மரை இல்லாத இரண்டு துளைகள், 51 மிமீ இடைவெளி, போல்ட் பக்கவாட்டில் போகும். போஸ்ட் மவுன்ட் என்றால் மரை போட்ட இரண்டு கால்கள், 74 மிமீ இடைவெளி. என் டிஸ்க் 160 மிமீ விட்டம். "160 அடாப்டர்" என்று மட்டும் சொல்லி வாங்கியதில் முன்சக்கரத்துக்கானது வந்துவிட்டது. அதைப் பின்னால் போட்டால் 140 டிஸ்க்குக்குத்தான் சரியாக வரும். காலிப்பர் 10 மிமீ கீழே உட்கார்ந்து டிஸ்க் விளிம்பில் இடித்தது. அடாப்டரில் எண்ணுக்கு முன்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள், முன்பக்கத்துக்கு 'எஃப்', பின்பக்கத்துக்கு 'ஆர்' வேண்டும். ஐ.எஸ்.ஸில் முன் 180-க்கும் பின் 160-க்கும் ஒரே அடாப்டர். கடையில் 'ஆர் 160' இல்லையென்றால் 'எஃப் 180' கேளுங்கள்.

செட்டில் நீள ஹோஸ் வலது லிவரில் வந்தது. நமக்கு மோட்டார் பைக்கைப் போல வலது கைக்கு முன் பிரேக் வேண்டும். ஹோஸை எப்படியும் வெட்டத்தான் போகிறோம், அப்போதே இரண்டு லிவரையும் இடம் வலமாக மாற்றிக்கொள்ளலாம். வெட்டு நேராக இருக்க வேண்டும், புது பிளேடு போடுங்கள். ஒவ்வொரு முறை வெட்டும்போதும் புது ஆலிவ் (ஹோஸைச் சுற்றி இறுகும் உலோக வளையம்), புது இன்சர்ட் (ஹோஸ் முனைக்குள் இறங்கும் சின்னக் குழாய்). இதிலும் ஒரு கோளாறு. கடையில் கொடுத்த இன்சர்ட் விரலால் தள்ளியதுமே ஹோஸுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. சரியானது அப்படிப் போகாது, சின்னச் சுத்தியலால் தட்டி இறக்க வேண்டியிருக்கும். அளந்தேன்: 11.2 மிமீ. அது பிஎச்90 ஹோஸுக்கானது. இந்த செட்டின் பிஎச்59 ஹோஸுக்கு 13.2 மிமீ இன்சர்ட் வேண்டும். கவனிக்காமல் முடுக்கியிருந்தால் ஓடும்போது ஆயில் கசிந்திருக்கும். ஹோஸிலேயே பிஎச் எண் அச்சிட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். லிவர் நட்டுக்கு 8 மிமீ ஸ்பேனர், 5 முதல் 7 நியூட்டன் மீட்டர்.

ஏர் எடுப்பது சுலபமாகவே முடிந்தது. லிவரைத் தரைக்கு இணையாக வைத்து, மேலே புனல் மாட்டி, பிஸ்டன் வெளியே வராமலிருக்க பேடுக்குப் பதில் மஞ்சள் பிளாஸ்டிக் பிளாக் வைத்து, குமிழி நிற்கும் வரை அழுத்தி விட்டேன். மாட்டி முடித்ததும் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்க்காதீர்கள். லிவரிலிருக்கும் ஆயில் டேங்க்கில் காற்று கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஹோஸுக்குள் போய்விடும்.

டிஸ்க்கை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் துடைத்த பிறகு விரல் வைக்கவே கூடாது. புது பேடு டிஸ்க்கோடு படிவதற்காக, காலியான லேஅவுட் ரோட்டில் 20 கிமீ வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், 25 முறை பிரேக் பிடித்தேன். பத்தாவது முறைக்குப் பிறகுதான் பிடிப்பு வந்தது. அடுத்த ஞாயிறு நந்தி மலையில் முழு இறக்கத்துக்கும் லிவர் இருந்த இடத்திலேயே நின்றது.

இப்போது இரண்டு லிவரிலும் வெள்ளை டேப் ஒட்டி, "மினரல் ஆயில் மட்டும்" என்று கன்னடத்திலும் தமிழிலும் எழுதி வைத்திருக்கிறேன்.