பட்டாளத்துப் படங்கள்: ஜூன் குறிப்புகள்

ஜூன் 4, கும்பகோணம்
வீடுகளில் இருக்கும் பழைய பட்டாளத்துப் படங்களை ஸ்கேன் செய்து, யார், எந்தக் காலம் என்று கண்டறியும் வேலை. இன்று சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன படம். உரிக்கவே கூடாது. ஆற்றங்கரை ஈரத்தில் படத்தின் மேற்பூச்சான ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளும்; இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். அப்படியே 1200 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 1200 புள்ளி) ஸ்கேன். சிஐஎஸ் என்ற உணரி வைத்த மெலிந்த ஸ்கேனர் வேண்டாம், தன்மேல் ஒட்டிக் கிடப்பதை மட்டுமே அது தெளிவாகப் பிடிக்கும், கண்ணாடியின் தடிப்புக்கே மங்கிவிடும். லென்ஸ் வைத்த சிசிடி வகைதான் சரி.

ஜூன் 5
முதலில் படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பதக்க ரிப்பன் அணிந்தவரின் இடது மார்பில், அதாவது நமக்கு வலப்பக்கம். சட்டையின் இடது மடிப்பு மேலே. இரண்டும் தலைகீழென்றால் நெகட்டிவைப் புரட்டி அச்சடித்திருக்கிறார்கள்.

ஜூன் 9
நிறம்தான் ஆளை ஏமாற்றும். அந்தக் காலத்து ஆர்த்தோ என்ற கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது, கறுப்பாக விழும், நீலம் வெளிறும். இரண்டாம் உலகப் போரில் பர்மா போர்முனைக்குப் போனவர்களுக்கு ஆங்கிலேயர் தந்த பதக்கம் பர்மா நட்சத்திரம். அதன் ரிப்பனில் நடுவே அகன்ற சிவப்பு, இருபுறமும் கருநீலம், நீலத்துக்குள் மெல்லிய ஆரஞ்சுக் கோடு. படத்திலோ நடுப்பட்டை கறுப்பு, ஓரங்கள் வெளிர், அதற்குள் கறுப்புக் கீற்று. இந்த நட்சத்திரம் 1945 மே மாதம்தான் அறிவிக்கப்பட்டது. ஆகவே படம் அதற்கு முந்தையதல்ல.

ஆங்கிலேயரின் இந்தியப் படையில் ஒரு பெரும்பிரிவான 5-வது இந்திய டிவிஷனின், சட்டைக் கையில் தைக்கும் சின்னம் கறுப்புத் துணியில் சிவப்பு வட்டம். ஆர்த்தோவில் வட்டமே காணாமல் போய் வெறும் கறுப்புச் சதுரம் மிஞ்சும். "சின்னமில்லை" என்று எழுதிவிடாதீர்கள்.

எந்த ஃபிலிம் என்று அறிய, பக்கத்தில் நிற்கும் மனைவியின் நெற்றியைப் பாருங்கள். குங்குமம் மை போல இருந்தால் ஆர்த்தோ. சாந்துப் பொட்டென்றால் இந்தச் சோதனை பலிக்காது; வெற்றிலைச் சிவப்பு உதட்டைப் பார்க்கலாம்.

ஜூன் 14, மயிலாடுதுறை
"மேஜர் தாத்தா" என்று சொல்லும் வீடுகளில் கொஞ்சம் நிதானம் தேவை. ஆங்கிலேயர் காலத்தில் மேஜருக்கும் தோளில் ஒரு கிரீடம், அவருக்குக் கீழ்ப்பட்ட சுபேதார் மேஜருக்கும் ஒரு கிரீடம். ஜமேதாருக்கு ஒரு நட்சத்திரம், சுபேதாருக்கு இரண்டு. கையில் ஒரு வி பட்டை லான்ஸ் நாயக், இரண்டு நாயக், மூன்று ஹவில்தார். ஆனால் காக்கியில் மூன்று பட்டை போலீஸ் ஏட்டுக்கும் உண்டு. தொப்பியையும் பெல்ட் பக்கிளையும் பெரிதாக்கிப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது.

ஜூன் 20, நாகப்பட்டினம்
மலேயா போய்வந்த குடும்பத்துப் பெட்டியில் சீருடைப் பெண். கால்சட்டையும் மடிப்புத் தொப்பியும் என்றால் 1943-இல் சிங்கப்பூரில் தொடங்கிய நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்து மகளிர் பிரிவான ஜான்சி ராணி படையாக இருக்கலாம். காக்கிப் புடவை என்றால் ஆங்கிலேயர் பக்கத்து மகளிர் துணைப்படையைத் தேட வேண்டும். இரண்டும் எதிரெதிர் அணி.