ராக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள்

வியாழன் காலை பெறுபேறு வந்தது. பிரிட்டிஷ் ஏ லெவல் புரொடக்ட் டிசைன் (பொருள் வடிவமைப்புப் பாடம்): பி. ஏ வரும் என்று வீடு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். எழுத்துப் பேப்பர் இரண்டும் பரவாயில்லை. காலை வாரியது ஒப்படை, அதாவது ஒரு வாடிக்கையாளருக்காக நாமே பொருள் வடிவமைத்துச் செய்கிற வேலை. கடைசியில் காப்பாற்றியதும் அதுதான். ஏ.கியூ.ஏ என்ற தேர்வு வாரியத்தில் எடுப்பவர்களுக்கு அது சரிபாதிப் புள்ளி என்று நான் சொல்லத் தேவையில்லை.

என் வாடிக்கையாளர் மாமா. லண்டனில் ஓஃப் லைசென்ஸ், அதாவது மதுக் கடை வைத்திருக்கிறார். வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. 24 போத்தல் பிடிக்கிற, தானாக நிற்கிற வைன் ராக் (போத்தல் அடுக்கும் சட்டகம்) வேண்டும் என்றார். என்ன செய்ய வேண்டும் என்ற பிரீஃப் ரெடி.

ஸ்கெட்ச், மூட் போர்ட் எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் விட்ட பிழைக்கு வருகிறேன். பைன் மரச் சட்டங்களைச் சேரும் இடத்தில் பாதித் தடிப்புக்கு வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோர்த்து ஒட்டினேன். இரண்டு பக்கமும் ஏணி மாதிரி, நடுவே குறுக்குச் சட்டங்கள், பின்பக்கம் திறந்தபடி. கணினியில் வடிவாக இருந்தது. பள்ளிக்கு வைன் கொண்டுபோக முடியாது என்பதால் வெறும் போத்தல்களில் தண்ணீர் நிரப்பி அடுக்கினேன். ஒன்று 1.2 கிலோவுக்கு மேல். மொத்தம் 30 கிலோ வரும். பக்கத்தில் ஒரு விரலால் தள்ளினேன். கிறீச் என்றபடி முழுச் சட்டகமும் சாய்ந்தது. கீழ்ப் பொருத்து ஒன்றில் பசை விட்டுப்போய், மயிரிழை அளவு வெள்ளைக் கோடு தெரிந்தது. ஒப்படைக்க ஒரு கிழமைதான் இருந்தது.

பின்னால் இரண்டு சட்டங்களை எக்ஸ் வடிவில் திருகாணி போட்டு முடுக்கினேன். அசையவில்லை. பார்க்க அசிங்கம், அதற்குப் புள்ளியும் போயிருக்கும்.

சரி, செய்ய வேண்டியவை:

- அட்டை மாதிரியையே பக்கவாட்டில் தள்ளுங்கள். சதுரம் சரியும், முக்கோணம் சரியாது. 6 மி.மீ பிளைவுட்டைப் பின்னால் அடித்தாலும் போதும். மற்ற எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள்.
- பசை காயுமுன் சட்டகத்தின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். ஒரே அளவு வர வேண்டும்.
- போர்தோ போத்தல் (நேரான வழக்கமான வைன் போத்தல்) 75 மி.மீ குறுக்களவு, ஷாம்பெயின் 88 வரை போகும். மாமா கிறிஸ்மஸுக்குக் கொண்டுவந்தது நுழையவேயில்லை.
- ராக்கின் ஆழம் 220 மி.மீ, போத்தல் நீளம் 300. அடிப்பாகம் பின்னுக்கு, கழுத்து முன்னுக்கு. திருப்பி வைத்தால் பாரம் முன்னே வந்துவிடும்.
- வைக்கப்போகும் தரையிலேயே சோதியுங்கள். சுவரோரம் கார்பெட்டைப் பிடிக்கிற ஆணிப் பட்டியில் பின்கால்கள் ஏறி, மாமா வீட்டில் ராக் முன்னுக்குச் சாய்ந்தது. பள்ளியின் சீமெந்துத் தரையில் இது எப்படித் தெரியும்? பின்கால்களை அரத்தால் ராவினேன்.

நான் கடைசி நேரத்தில் ஓடுகிற ஆள். அட்டவணை போட்டு வேலை செய்கிறவர்களுக்கு இதில் பாதி தேவைப்படாது.

அப்புறம், ராக் சரிந்தபோது எடுத்த படத்தை அழிக்கப் போனேன். ஆசிரியர் தடுத்தார். செய்ததை நாமே சோதித்து எழுதும் மதிப்பீட்டுக்கு ஒப்படையின் 100இல் 20 புள்ளி இருக்கிறதே! அந்தப் படம், எக்ஸ் சட்டம், மறுபடி தள்ளிய படம் என்று நாலு பக்கம் எழுதினேன். அதுதான் பி.

கீழ்த்தட்டு காலியானால் தலைப்பாரமாகிவிடும், மேலிருந்து எடுங்கள் என்று துண்டு எழுதி ராக்கில் ஒட்டியிருக்கிறேன். மாமா கீழிருந்துதான் எடுக்கிறார். நல்லதெல்லாம் கீழே இருக்கிறதாம்.