வாக்ஸ் ஓடுது, ஏஎஸ்/400-ம் ஓடுது, லைசென்ஸ் தான் இடிக்குது

பவர் சப்ளைல லீக்கான கெப்பாசிட்டர் எல்லாம் மாத்தியாச்சு, வாக்ஸ்ஸ்டேஷன் 4000 மாடல் 60 (டெக் கம்பெனியோட பழைய வாக்ஸ் கம்ப்யூட்டர்) இப்போ செல்ஃப் டெஸ்ட் பாஸ் பண்ணி மூணு அம்புக்குறி பிராம்ப்ட்ல வந்து நிக்குது. பழைய டிஸ்க்க இமேஜ் எடுத்து எஸ்டி கார்டுல போட்டு, ஸ்கஸிங்கிற பழைய வகை டிஸ்க் மாதிரி நடிக்கிற போர்டுல சொருகிட்டேன், சத்தமும் குறைஞ்சுது. ஹார்டுவேர் கதை அவ்ளோ தான். இந்த தடவை எழுதப்போறது முழுக்க லைசென்ஸ் பத்தி தான், ஏன்னா நேரம் எல்லாம் அதுல தான் போச்சு.

டிஸ்க்ல டெக்கோட ஓஎஸ் ஓபன்விஎம்எஸ் 7.3 இருக்கு, வாக்ஸுக்கு வந்ததுல அது தான் கடைசி. பூட் ஆகுது, ஆனா வர்ற வழியிலேயே இந்த நோடுல (அதாவது இந்த மெஷின்ல) இத பயன்படுத்த அனுமதி இல்லன்னு ஒரு வரி போட்டுட்டு தான் வருது. லைசென்ஸ் இல்லாத விஎம்எஸ் சுத்தமா படுத்துடாது, கன்சோல்ல மட்டும் ஒருத்தர் லாகின் பண்ணிக்கலாம், நெட்வொர்க் வழியா இன்னொரு டெர்மினல்ல இருந்து உள்ள வர முடியாது. மெஷின ரிப்பேர் பாக்க அது போதும். வெச்சு விளையாட பத்தாது.

ஷோ லைசென்ஸ் கமாண்ட் குடுத்து பாத்தா, முன்னாடி வெச்சிருந்தவரும் நம்மள மாதிரி ஹாபிக்காரர் தான் போல, பட்டியல் நீளமா இருக்கு, எல்லாத்துக்கும் முடிவு தேதி 31 டிசம்பர் 2021. விஎம்எஸ்ல லைசென்ஸ்ங்கிறது பாக்னு சொல்ற ஒரு துண்டு டெக்ஸ்ட், அதுல குடுத்தவர் பேரு, நம்பர், எத்தனை யூனிட், எப்போ காலாவதி, கடைசில செக்சம் (மத்ததெல்லாம் சரியான்னு சோதிக்கிற குறி), இத டைப் பண்ணி ரிஜிஸ்டர் பண்ணி லோட் பண்ணணும். ஓஎஸ்ஸுக்கு ஒண்ணுன்னா பரவால்ல, டிசிபி/ஐபிக்கு ஒண்ணு, டெக்கோட சொந்த நெட்வொர்க்கான டெக்நெட்டுக்கு ஒண்ணு, சி கம்பைலருக்கு ஒண்ணு, ஃபோர்ட்ரானுக்கு ஒண்ணு, விண்டோ சிஸ்டத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா, பத்தாததுக்கு மெஷின் பெருசா இருந்தா யூனிட்டும் அதிகமா வேணும். அந்த காலத்துல கம்பெனிங்க இதுக்கு குடுத்த காசு ஹார்டுவேர் காசோட போட்டி போட்டிருக்கும்னு நினைக்கிறேன்.

ஹாபிக்காரங்களுக்கு மட்டும் 1997-ல இருந்து ஒரு வழி இருந்துச்சு. யூசர் குரூப்ல மெம்பர் ஆகி, வியாபாரத்துக்கு பயன்படுத்த மாட்டேன்னு ஒத்துக்கிட்டா இந்த பாக் எல்லாம் ஓசில கிடைக்கும், வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கணும். இதுக்கு நடுவுல டெக் கம்பெனிய 1998-ல காம்பேக் வாங்கிச்சு, காம்பேக்க 2002-ல எச்பி வாங்கிச்சு, அப்பவும் திட்டம் நிக்கல. 2020-ல தான் எச்பில இருந்து பிரிஞ்ச எச்பிஇ இனிமே கிடையாதுன்னு சொல்லிட்டாங்க, கடைசியா குடுத்த லைசென்ஸ் எல்லாம் 2021 முடியறப்போ செத்துது. இப்போ விஎம்எஸ்ஸ வளர்க்கிறது விஎஸ்ஐங்கிற கம்பெனி, அவங்க வாக்ஸுக்கு அப்புறம் விஎம்எஸ் போன ப்ராசஸர்களான ஆல்ஃபா, இட்டானியம், எக்ஸ்86-க்கு குடுக்கலாம், வாக்ஸ் அவங்க கைல இல்ல. அந்த ஆல்ஃபா, இட்டானியம் ஹாபி லைசென்ஸையும் 2024-ல நிறுத்தி, எக்ஸ்86-க்கு ரெடிமேடா ஒரு விர்ச்சுவல் மெஷின் இமேஜ் மட்டும்னு ஆக்கிட்டாங்க.

ஆனை வாங்கினவன் அங்குசம் வாங்க யோசிச்சானாம்னு சொல்லுவாங்க, இங்க நான் யோசிக்கவே இல்ல, காசு குடுக்க ரெடி, அங்குசம் விக்க தான் ஆள் இல்ல. செகண்ட் ஹேண்ட் ஹார்டுவேர் விக்கிற ஒரு வியாபாரிகிட்ட கேட்டதுக்கு, பழைய பேப்பர் லைசென்ஸ் ஒண்ணு இருக்கு, காலாவதி தேதி இல்லாதது, வேணுமான்னாரு. அது வேற யாரோ கம்பெனி பேர்ல இருக்கு, கைமாத்த உரிமைக்காரர் சம்மதம் வேணும், அந்த சம்மதத்த இன்னைக்கு குடுக்க ஒரு டிபார்ட்மென்ட் இருக்கான்னு கேட்டேன், பதில் இல்ல. ஹாபிக்கு சொல்ற விலையும் இல்ல அது, விட்டுட்டேன்.

கடிகாரத்த பின்னாடி தள்ளி வெச்சா பழைய பாக் வேலை செய்யும்னு எல்லாருக்கும் தெரியும். இன்னும் சொல்லப்போனா, பேட்டரி செத்த மெஷின் பூட் ஆகும்போது தேதி என்னன்னு நம்மகிட்டயே தான் கேக்கும், வா வான்னு கூப்பிடற மாதிரி இருக்கும். ஆனா ஒப்பந்தம் முடிஞ்சது முடிஞ்சது தான், மெஷின ஏமாத்தினா லைசென்ஸ் வந்துடாது. போலி பாக்குக்கு செக்சம் போட்டு குடுக்கிற ஸ்கிரிப்ட்டும் சுத்திட்டு இருக்கு, எனக்கு வேண்டாம். செய்றவங்கள திட்டவும் மாட்டேன்.

இதுல கடுப்பு என்னன்னா, மனசு வெச்சா ஒரே லெட்டர்ல முடியற விஷயம் இது. பழைய யூனிக்ஸ் ஓஎஸ்ஸுக்கு 1998-ல அப்போ உரிமை வெச்சிருந்த எஸ்சிஓ 100 டாலர் வாங்கிட்டு லைசென்ஸ் குடுத்தாங்க, 2002-ல அந்த உரிமைய வாங்கின கால்டெரா, ஏழாவது எடிஷன் வரைக்கும் யார் வேணா பயன்படுத்தலாம்ங்கிற பிஎஸ்டி மாதிரி லைசென்ஸ்ல திறந்து விட்டுட்டாங்க, புதுப்பிக்கவும் வேணாம், யார்கிட்டயும் கேக்கவும் வேணாம். வாக்ஸுக்கு முந்தின டெக் மெஷினான பிடிபி-11 காரங்களுக்கு, அதோட சாஃப்ட்வேர் உரிமை வெச்சிருந்த மென்டெக் குடுத்தது அரைகுறை, பழைய வெர்ஷன எமுலேட்டர்ல (மெஷின் மாதிரி நடிக்கிற சாஃப்ட்வேர்ல) ஓட்டலாம், நிஜ மெஷின்ல கூடாதாம். நிஜ மெஷின தூக்கிட்டு வந்து முதுகு பிடிச்சவனுக்கு அது என்ன நியாயமோ.

இப்போதைக்கு வாக்ஸ்ல நெட்பிஎஸ்டிங்கிற ஓசி ஓஎஸ் போட்டிருக்கேன். நெட்வொர்க் பூட் பண்ணி இன்ஸ்டால் பண்ணேன், நல்லா தான் போகுது, நெட்வொர்க் லாகினுக்கான எஸ்எஸ்எச் கீ உருவாக்க சொல்லிட்டு வேற வேலை பாக்கலாம், அவ்ளோ மெதுவு. விஎம்எஸ் கை மறக்காம இருக்க விஎஸ்ஐ இமேஜ லேப்டாப்ல ஓட்டறேன். விஎம்எஸ்ல கமாண்ட் அடிக்கிற மொழியான டிசிஎல் அதே டிசிஎல் தான், ஆனா அந்த இமேஜுக்கும் காலாவதி இருக்கு.

அடுத்தது ஐபிஎம்மோட பழைய ஆபீஸ் சர்வர் ஏஎஸ்/400, மாடல் 170. இதுல கணக்கே வேற. ஓஎஸ் லைசென்ஸ் மெஷின் சீரியல் நம்பரோட ஒட்டிக்கிட்டு இருக்கு, கீ கேக்கிற சாஃப்ட்வேர் எல்லாம் அந்த சீரியலுக்கு போட்ட கீ இல்லன்னா 70 நாள் ஓடிட்டு கைய விரிச்சிடும். என்னோடதுல கீ எல்லாம் உள்ளேயே இருக்கு, லைசென்ஸ் லிஸ்ட் பாத்ததும் நிம்மதி. ஒரு வேடிக்கை, ப்ராசஸர் வேகம் முழுசா பெட்டிக்குள்ள இருக்கும், ஆனா பச்சை ஸ்கிரீன் டெர்மினல்ல உக்காந்து வேலை பாக்க எவ்ளோ வேகம் தரலாம்ங்கிறது தனியா காசு குடுத்து வாங்கற ஐட்டம். அந்த அளவ தாண்டினா சிஎஃப்இன்ட்னு ஒரு டாஸ்க் வந்து சிபியுவ தின்ன ஆரம்பிக்கும். கம்பைல் எல்லாம் பேட்ச்ல (பின்னணில தானா ஓடற வேலையா) தள்ளிட்டா அது கண்டுக்காது, நான் அப்படி தான் ஓட்டறேன்.

பயம் டிஸ்க் பத்தி தான். செக்டருக்கு 520 பைட் இருக்கிற டிஸ்க் வேணும், சும்மா கிடைக்கிற ஸ்கஸி டிஸ்க்க அப்படியே மாட்ட முடியாது. அது போச்சுன்னா கீயும் போச்சு, ஓஎஸ்ஸும் போச்சு, மறுபடி கேட்டு வாங்க வழி இல்ல. ஏஎஸ்/400 வாங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்லிக்கிறேன், விலை குறைச்சலா இருக்குன்னு டிஸ்க் கழட்டின மெஷின எடுக்காதீங்க, டிஸ்க்கோட, ஓஎஸ்ஸோட, முடிஞ்சா செக்யூரிட்டி ஆபீஸர் (அட்மின்) பாஸ்வேர்டோட எடுங்க.

அதனால வேற எதுவும் தொடறதுக்கு முன்னாடி டேப்ல ஃபுல் சேவ் (முழு பேக்கப்) எடுக்கணும், சேவ் மெனுல 21-ஆவது ஆப்ஷன். லைசென்ஸ் கீ லிஸ்ட்ட தனியா பேப்பர்லயும் எழுதி வெச்சாச்சு. டேப் டிரைவ்ல ரப்பர் ரோலர் உருகி பசையா கிடக்கு, அத சுரண்டி எடுத்துட்டு புது ரோலர் போட்டுட்டு, டேப் ஒழுங்கா படிக்குதான்னு அடுத்த பதிவுல சொல்றேன்.