உள்ளே பேசிய குரல்

எங்கள் பள்ளியின் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சுற்றுலா இதையெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள் என்று விட்டுவிட்டேன். எனக்கு எழுத இருப்பது பத்தாம் வகுப்பில் பேசிய ஒரு ஐந்து நிமிடப் பேச்சைப் பற்றி. பேச்சைவிட, அதற்குத் தயாரான இரண்டு வாரங்கள்தான் இன்றைக்கும் என்னோடு இருக்கின்றன.

தமிழ் டீச்சர் தலைப்புகளைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போட்டு ஆளுக்கொன்று எடுக்கச் சொன்னார். எனக்கு வந்தது 'நாம் நமக்குள் பேசிக்கொள்வது: நல்லதும் கெட்டதும்'. நான் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. சீட்டைப் படித்து முடிப்பதற்குள் உள்ளே ஒரு குரல், "இது உனக்குச் சரிவராது, போய் மாத்திக் கேள்" என்றது. என் தலைப்பு அந்த நிமிஷமே பேச ஆரம்பித்துவிட்டது என்று புரிய எனக்கு நான்கைந்து நாள் ஆனது.

முதலில் எழுதிக்கொண்டு போனது இரண்டு பக்கம். முடியும் என்று நினைத்தால் முடியும், தினமும் காலையில் கண்ணாடி முன் நின்று நான் கெட்டிக்காரி என்று பத்து முறை சொல்லுங்கள், இந்த மாதிரி. டீச்சர் முழுவதையும் படித்தார், ஒரு வரியையும் அடிக்கவில்லை.

"நீ இப்படிச் சொல்லிப் பார்த்தியா?"

"பார்த்தேன் டீச்சர்."

"எப்படி இருந்தது?"

உண்மையைச் சொன்னேன். சொல்லச் சொல்ல உள்ளே இன்னொரு குரல் "பொய், பொய்" என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது, பத்தாவது முறை சொல்லி முடித்தபோது முன்பைவிடச் சோர்வாக இருந்தது. "அப்ப அதைத்தானே நீ எழுதணும்" என்றார்.

இதே விஷயம் ஆய்வாக வந்திருப்பதைப் பல வருஷம் கழித்துப் படித்தேன். கனடாவில் ஜோஆன் வுட் என்ற உளவியலாளரும் உடன் இருந்தவர்களும் 2009-ல் வெளியிட்டது. 'நான் அன்புக்கு உரிய ஆள்' என்ற வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஏற்கெனவே தங்களைப் பற்றி நல்ல எண்ணம் உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் உதவியது, தங்களைத் தாழ்வாக நினைத்தவர்களுக்கோ மனம் இன்னும் சோர்ந்து போனது. யாருக்கு அது அதிகம் தேவையோ அவர்களுக்கே அது வேலை செய்யவில்லை. படித்த அன்று அதை எடுத்துக்கொண்டு போய் டீச்சரிடம் காட்ட வேண்டும் போல இருந்தது.

சரி, கதைக்கு வருகிறேன். டீச்சர் ஒரு வேலை கொடுத்தார். ஒரு வாரம், உனக்குள் நீ சொல்லிக்கொள்வதை அதே வார்த்தையில், அழகுபடுத்தாமல் ஒரு நோட்டில் எழுது என்றார். கேட்கச் சுலபமாக இருந்தது. ஆனால் அந்தப் பேச்சு அவ்வளவு வேகமாக வந்து போகிறது, நமக்குத் தெரிவது அது விட்டுப்போன வருத்தம் மட்டும்தான், அந்த வருத்தத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்து போய்த்தான் வாக்கியத்தைத் தேட வேண்டியிருந்தது. கணக்குத் தாளில் ஒரு தப்பு: "எப்பவும் நான் இப்படித்தான்." சிநேகிதி என்னைப் பார்த்தும் சிரிக்காமல் போனாள்: "என்மேல் கோபம், நான்தான் ஏதோ செய்துட்டேன்." விடை தெரிந்தும் கை தூக்கவில்லை: "தப்பாச் சொன்னா எல்லாரும் சிரிப்பாங்க." ஐந்தாம் நாள் முதல் பக்கத்திலிருந்து படித்தபோது எப்பவும், எல்லாரும், ஒண்ணுமே என்ற மூன்று சொற்களும் பக்கத்துக்குப் பக்கம் வந்துகொண்டிருந்தன. ஆரன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960-களில் மனச்சோர்வு உள்ளவர்களிடம் இதே மாதிரி எண்ணங்களைக் கவனித்து அவற்றுக்குத் தானாக எழும் எண்ணங்கள் என்று பெயர் வைத்தார், அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையே வளர்ந்தது என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. என் நோட்டில் மூன்று சொற்கள் இருந்தன, அவ்வளவுதான்.

பக்கத்தில் உட்காரும் சிநேகிதி, மேலே சொன்ன அதே சிநேகிதிதான், நோட்டைக் கேட்டு வாங்கினாள். கொடுக்க மனசே இல்லை. அடுத்த நாள் திருப்பித் தந்தபோது சில வரிகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தாள். ஏன் என்றேன். "இதெல்லாம் எனக்குள்ளயும் இருக்கு" என்றாள். வகுப்பில் முதல் மூன்று இடத்துக்குள் எப்போதும் வருகிறவள் அவள். அந்த நொடி வரை, அந்தக் குரல் என்னைப் பற்றிய உண்மையைச் சொல்கிறது என்று நினைத்திருந்தேன். ஒரே வாக்கியம் அவளுக்கும் எனக்கும் வருகிறது என்றால் அது எங்கள் இருவரையும் பார்த்துச் சொன்னது இல்லையே.

அப்புறம்தான் பேச்சு உருவானது. நல்ல பேச்சு என்றால் இனிப்பான பேச்சு என்று நினைத்துக்கொண்டிருந்ததை விட்டேன். "எப்பவும் நான் இப்படித்தான்" என்ற வரிக்குப் பக்கத்தில் "நீ புத்திசாலி" என்று எழுதினால் ஒட்டாது. "மூன்றாவது கணக்கில் கழித்தல் குறியை விட்டுட்டேன், மற்ற ஏழும் சரி" என்று எழுதினேன். அதில் புகழ்ச்சியே கிடையாது, ஆனால் மறுத்துப் பேச உள்ளே இருந்த குரலுக்கு வழியும் கிடையாது.

டீச்சர் இன்னொன்றும் சொன்னார். திருக்குறளின் 125-ஆம் அதிகாரத்துக்குப் பெயர் நெஞ்சொடு கிளத்தல். தலைவி தன் நெஞ்சைக் கூப்பிட்டுப் பேசுகிறாள், 'நினைத்தொன்று சொல்லாயோ நெஞ்சே' என்று கேட்கிறாள். "பார், நெஞ்சே என்று கூப்பிட்டதும் அது கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துவிட்டது, இனி அதோடு பேசலாம்" என்றார். அமெரிக்க உளவியலாளர் ஈத்தன் கிராஸும் அவருடன் இருந்தவர்களும் 2014-ல் வெளியிட்ட ஆய்வைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது இந்த வாக்கியம்தான். சற்று நேரத்தில் ஆட்கள் முன்னால் பேச வேண்டும் என்று சொல்லிவிட்டு, சிலரை 'நான் ஏன் பதறுகிறேன்' என்றும், சிலரைத் தங்கள் பெயரைச் சொல்லி 'நீ ஏன் பதறுகிறாய்' என்றும் யோசிக்க வைத்தார்கள். பெயர் சொல்லி யோசித்தவர்களுக்குப் பதற்றம் குறைவு, பேச்சும் நன்றாக இருந்தது, பேசி முடித்த பிறகு அதையே நினைத்து மருகுவதும் குறைவு.

பேச்சு நாளன்று என் பெயர் கூப்பிட்டதும் கால் நடுங்கியது. பயப்படாதே என்று எனக்கு நானே சொல்லவில்லை. "முதல் வரி உனக்குத் தெரியும். கடைசி வரிசையைப் பார். மெதுவாச் சொல்." இந்த மூன்றையும்தான் சொன்னேன். விளையாட்டு வீரர்களுக்கான பயிற்சியிலும் நுட்பமான அசைவுகளுக்கு, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொள்வது வெறும் ஊக்கச் சொல்லைவிட நன்றாக உதவுகிறது என்கிறார்கள். எனக்கு அன்று உதவியது. நோட்டிலிருந்து ஏழு வரிகளை அப்படியே படித்தேன், யாரும் சிரிக்கவில்லை. நடுவில் ஒரு இடத்தில் மறந்து நின்றேன். நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தேன்.

இப்போது என் மகளுக்கு ஐந்து வயது. படத்துண்டுகளைச் சேர்க்கும்போது "இது இங்க இல்ல, திருப்பு, ம்ம்" என்று சத்தமாகப் பேசிக்கொண்டே சேர்ப்பாள். குழந்தைகளின் இந்தப் பேச்சுதான் வளர வளர உள்ளே போய்ச் சத்தமில்லாத பேச்சாகிறது என்றார் ரஷ்ய உளவியலாளர் லெவ் விகாட்ஸ்கி. 1934-ல் 37 வயதில் இறந்துபோனவர். போன மாதம் ஒரு துண்டு சேராமல் போனதும் மகள், "ஐயோ, எப்பவும் எல்லாத்தையும் கெடுத்துடறேன்" என்றாள். அந்த வாக்கியம் என்னுடையது, சமையலறையில் நான் வாய்விட்டுச் சொல்வது, அதே இழுவையோடு. அன்றிலிருந்து நான் சத்தமாகச் சொல்வதை மாற்றிக்கொண்டிருக்கிறேன். "இந்தத் துண்டு இங்க பொருந்தல, அடுத்ததைப் பார்ப்போம்" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் சொல்கிறேன்.

இதை எழுதுவதற்கு முன் சிநேகிதியிடம் பேசினேன். அவள் வேறொரு நாட்டில் இருக்கிறாள். அந்த நோட்டு இன்னும் அவளிடம்தான் இருக்கிறதாம், பள்ளி முடிந்த வருஷம் வாங்கிக்கொண்டு போனவள் திருப்பித் தரவே இல்லை. ஒரு பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு, மலரில் போடலாம் என்றேன். வேண்டாம் என்றாள், அவள் கோடு போட்ட வரிகளும் அதில் இருக்கின்றனவே. ஆனால் போனிலேயே ஒரு பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினாள், கோடு போட்ட இடம் வரும்போதெல்லாம் கொஞ்சம் நிறுத்தி நிறுத்தி.